வளைவில் நின்ற கப்பல்

அக்கரைப் படகின் கடைசி வரிசையில், காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தபோது, அவள் பெற்ற மகள் வேலை பார்க்கும் கப்பல் ஓசையே இல்லாமல் அவள் தலைக்கு மேலே வந்தது. நங்கூரம் போட்டு நின்றிருந்த கப்பல்தான். நின்ற கப்பல் எப்படி நகரும் என்று படகில் இருந்த யாருக்கும் முதலில் உறைக்கவில்லை. மூடுபனியில் ஆறும் கரையும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. அந்த வெள்ளைக்குள்ளிருந்து துருவேறிய சிவப்புச் சுவர் ஒன்று முளைத்து, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவனைப் போல, அவசரமே படாமல் படகின் பக்கம் வந்தது. படகோட்டி கத்தினார். யாரோ குழந்தையை வாரி அணைத்துக்கொண்டார்கள். அப்போது கப்பலின் வயிற்றுக்குள் எங்கோ எஞ்சின் இருமி உயிர்பெற்றது. பின்புறத்து நீர் கொதித்துப் பொங்கியது. சிவப்புச் சுவர் படகின் கைப்பிடிக் கம்பியை மட்டும் வளைத்துவிட்டு, மனசில்லாமல் விலகிப்போனது.

"என் பொண்ணோட கப்பல் என்னையே இடிக்கப் பாத்துச்சு மாப்ள," என்று அன்று முழுக்க அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். பால்காரரிடம் சொன்னாள், மாடி வீட்டுக்காரியிடம் சொன்னாள், குழாய் ரிப்பேருக்கு வந்த ஆளைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கப்பல் வளர்ந்தது. சாயங்காலத்துக்குள் அது ரெண்டு தெரு நீளத்துக்கு ஆகிவிட்டது. பயம் எப்போது பெருமையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. "எஞ்சினைப் போட்டு அதைத் திருப்பினது யாருங்கறீங்க? அவதான்!"

மகளேதான். கப்பலில் இரண்டாவது எஞ்சினியர் அவள். அவளுடைய கணவன், அத்தையின் மாப்பிள்ளை, ஆற்றுத் துறைமுக அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். அங்கே அவனுக்குக் கோட்டுக்காரர் என்று பெயர். கோடு போடுகிறவர் என்பதால் வந்த பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் மட்டும் சட்டைக்கு மேலே கோட்டு மாட்டிய ஆளைத் தேடிவிட்டு, வெள்ளைச் சட்டையில் மை படிந்த இந்த ஒல்லி மனிதனைப் பார்த்து ஏமாறுவார்கள். "எங்க வீட்டுல பொண்ணு கப்பலுக்குப் போச்சு, மாப்ள வீட்டுக்கு வந்தாரு," என்று அத்தை சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் அவன் தட்டில் எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாகவே விழும்.

வீடு ஆற்றின் வளைவில் இருந்தது. மொட்டை மாடியில் நின்றால் தண்ணீர் தவிர வேறு எதுவும் இல்லாத மாதிரி இருக்கும். சரக்கு ஏற்றி வரும் கப்பல்கள், அதை இறக்கும் ஜெட்டியில் இடம் காலியாகும்வரை அந்த வளைவில்தான் காத்துக்கிடக்கும். மனைவியின் கப்பலும் அப்படித்தான் வரும், சில நாள் நிற்கும், போகும். ஓட்டம் அதிகமான ஆறு என்பதால் எஞ்சின் ஆட்கள் யாரும் கப்பலை விட்டு இறங்கக்கூடாது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அவள் நிற்பாள், வீட்டுக்கு வரமுடியாது. மேல்தளத்துக் கம்பியோரம் அவள் போனைக் காதில் வைத்துக்கொள்வாள். மாடியில் இவன் போனைக் காதில் வைத்துக்கொள்வான். பக்கத்தில் அத்தை இடுப்பில் கைவைத்து நின்று, போன் என்று ஒன்று கண்டுபிடித்ததையே மறந்தவளாக, "இளைச்சுட்டே!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்துவாள். அந்தக் குடும்பம் ஒன்றாக இருப்பது என்றால் அதுதான்.

படகுக் கம்பி வளைந்த விஷயம் அலுவலகத்துக்குப் போனது. துறைமுக அதிகாரி ஒரு காலத்தில் கப்பல் ஓட்டியவர். எல்லோரும் அவரைக் கேப்டன் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். குரலை உயர்த்தாமலேயே கூட்டத்தை அடக்கத் தெரிந்தவர். அவர் கோட்டுக்காரனைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"கடல் நீர் உள்ள ஏறும்போது கப்பல் ஒரு பக்கம் பாத்து நிக்குது. இறங்கும்போது மறுபக்கம் திரும்புது. திரும்புற வட்டம் இப்ப படகுப் பாதைக்குள்ள வந்துடுச்சு. எங்க நங்கூரம் போடலாம், எங்க போடக்கூடாதுன்னு புதுசா எல்லை போடணும்," என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "உங்க வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். கஷ்டமா இருந்தா வேற ஆளைப் போடறேன். தப்பா நினைக்கமாட்டேன்," என்றார்.

"நானே போடறேன் மேடம்," என்றான் அவன். ஏன் அப்படிச் சொன்னான் என்று படியிறங்கும்போது யோசித்தான். வேறு ஒருவன் போடுகிற கோட்டில் தன் மனைவி போய் நிற்பதை அவனால் நினைக்க முடியவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவன் தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆழம் அளக்கும் படகில் ஆற்றை மேலும் கீழுமாக உழுதார்கள். கருவி அடியாழத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. மத்தியானங்களில் அந்த எண்களைத் தாளில் ஏற்றும்போது அவனுக்கு ஒரு மயக்கம் வரும். மேசை விளிம்பு கரைந்து, மின்விசிறிச் சத்தம் நீரோட்டமாகி, அவன் ஆற்றின் அடியில் நடந்துகொண்டிருப்பான். மேலே, வானத்தில் மேகங்கள் நிற்பதுபோல, கப்பல்களின் வயிறுகள் கறுப்பாக நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சங்கிலி சாய்ந்து இறங்கிச் சேற்றில் மறையும். ஏதோ ஒரு வயிற்றுக்குள் அவள் எண்ணெய்க் கையோடு வால்வைத் திருகிக்கொண்டிருப்பாள். அவன் அண்ணாந்து பார்ப்பான். "டீ ஆறுது சார்," என்று பியூன் சொல்லும்போது ஆறு வடிந்து மேசையாகிவிடும்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வட்டம். சங்கிலி நீளத்தையும் கப்பல் நீளத்தையும் கூட்டினால் வட்டத்தின் வீச்சு. வளைவுக்குக் கீழே ஆறு அகன்று கிடந்த இடத்தில் வட்டங்கள் தாராளமாக உட்கார்ந்தன. கரையில் மரங்கள் அடர்ந்திருந்ததால் அங்கே நிற்கும் கப்பல் ஊரில் யார் மாடியிலிருந்தும் தெரியாது. வேலை ஏறக்குறைய முடிந்த ஒரு மத்தியானத்தில் அவன் கை தானாக வளைவுக்கு வந்தது. ஒரே ஒரு வட்டம். சின்னக் கப்பலுக்கு மட்டும். காம்பஸின் காலைக் கொஞ்சம் ஒடுக்கினால், சங்கிலியைக் கொஞ்சம் குறைவாக விட்டால் போதும் என்று வைத்துக்கொண்டால், படகுப் பாதைக்கு வெளியே அது மயிரிழையில் அடங்கியது. பென்சிலால் மெல்லப் போட்டான். அழகான வட்டம். வீட்டு மாடிக்கு நேர் எதிரே.

அப்போது போன் அடித்தது. அவள்தான். கப்பல் எங்கோ நடுக்கடலில் இருந்தது. குரல் விட்டுவிட்டு வந்தது.

"எல்லை மாத்தறீங்களாமே? துறைமுகத்து பைலட் சொன்னாரு."

"ஆமா. ஒரு இடம் வளைவுல வெக்கலாமான்னு பாத்துக்கிட்டிருக்கேன். உங்க கப்பல் மாதிரி சின்னதுக்கு."



"வேணாம்," என்றாள். "அங்க அடி முழுக்க குழைசேறு. நங்கூரம் பிடிக்கறதே இல்ல. அன்னைக்கு வழக்கத்தைவிட நீளமாத்தான் சங்கிலி விட்டிருந்தோம். அப்பவும் இழுத்துக்கிட்டு வந்துச்சு. நான் கீழ இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. எஞ்சினைப் போடுன்னு மட்டும் சத்தம். அது ஒரு நிமிஷம் தாமதமாத்தான் கிளம்பும் எப்பவும். அன்னைக்குப் போட்ட உடனே கிளம்பிடுச்சு. படகுல அம்மா இருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரியும். அதுலேர்ந்து எனக்குக் கண்ணை மூடினாலே அந்த ஒரு நிமிஷந்தான் வருது."

அவன் வட்டத்தைப் பார்த்தான்.

"இன்னொண்ணு," என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "அங்க நிக்கறப்ப நீங்க ரெண்டு பேரும் மாடியில நிக்கறது தெரியும். கை ஆட்டுவேன். அப்புறம் கீழ போனா கையில வேலையே ஓடாது. வேற எங்கயாவது நிக்கறப்ப நான் கப்பல்ல இருக்கேன். அங்க நிக்கறப்ப நான் எங்கயுமே இல்ல."

"என்னைப் பாக்க வேணாமா உனக்கு?"

"பாக்கணும். பாத்துக்கிட்டே இருக்கத்தான் முடியல."

பிறகு கடல் குறுக்கே வந்து குரலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தான். அழித்த இடம் தாளில் லேசாக மயிர் சிலிர்த்து நின்றது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அத்தையிடம் சொல்லிவிட்டான். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே கப்பலெல்லாம் வளைவுக்குக் கீழதான் நிக்கும் அத்தை."

"நம்ம மாடிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"யாரு போட்ட கோடு?"

மகள் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அத்தையின் கையில் மடித்தபடி இருந்தது மகளின் பழைய சட்டை.

"நான்தான்," என்றான்.

அத்தை சட்டையை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். "நான் செத்துப்போயிருந்தாலாவது சரின்னு விடலாம். அதான் ஒண்ணும் ஆகலையே மாப்ள. படகுல உக்காந்திருந்த நானே இங்கயே நிக்கட்டுங்கறேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அதற்குமேல் அவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு," என்று சுவர்க்கடிகாரத்திடம் சொல்வாள். "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போறவங்க போகலாம்," என்று கதவிடம் சொல்வாள். தட்டில் விழும் கூடுதல் கரண்டி மட்டும் நிற்கவில்லை. அது இன்னும் வலித்தது அவனுக்கு. மாடிக்குப் போகும் கதவின் தாழ்ப்பாள் போட்டபடியே கிடந்தது. புதிய எல்லையின் நான்கு மூலையிலும் மஞ்சள் மிதவைகள் போட்டார்கள். காத்திருக்கும் கப்பல்களைத் தவிர வேறு எந்தப் படகும் அவற்றைத் தாண்டி உள்ளே போகக்கூடாது என்ற விதியையும் அவனேதான் எழுதினான்.

மனைவியின் கப்பல் வந்து சேர்ந்த மறுநாள் மத்தியானம், அத்தை அலுவலகப் படித்துறைக்கு வந்து நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். அவனைப் பார்க்காமல் அவனுக்குப் பின்னால் இருந்த கேப்டன் மேடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"என் பொண்ணை எங்கதான் கொண்டுபோய் வெச்சிருக்காங்கன்னு பாக்கணும்மா."

மேடம் அத்தையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "மிதவையெல்லாம் நகராம இருக்கான்னு பாக்கத்தானே கிளம்பறீங்க? ஒரு ஆள் கூட வந்தா படகு முழுகிடாது. மிதவைச் சட்டை மட்டும் போட்டுவிடுங்க," என்றார்.

வளைவைத் தாண்டியதும் ஆறு தன்னை அவிழ்த்துவிட்டதுபோல விரிந்தது. கரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெயில். ஆரஞ்சு மிதவைச் சட்டைக்குள் அத்தை சின்னவளாகிப் போயிருந்தாள். கப்பல் நடுவில் நின்றது. பக்கத்தில் வேறு எதுவும் இல்லாததால் அது எவ்வளவு பெரியது என்றே சொல்லமுடியவில்லை; எட்டிக் கையில் எடுத்துவிடலாம்போலவும் இருந்தது. மஞ்சள் மிதவைக்கு அருகே வந்ததும் படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். "இதுக்கு மேல போகக்கூடாதுங்க," என்றார் தயங்கி. கோட்டுக்காரன் தலையாட்டினான்.

மேல்தளத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலுமி அவர்களைப் பார்த்தான். கோட்டுக்காரன் கையால் கீழே எஞ்சின் அறைப் பக்கம் சுட்டிக் கேட்டான். மாலுமி ஒரு நிமிஷம் யோசித்துப் புரிந்துகொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினான். ராத்திரி வேலை முடித்துத் தூங்குகிறாள்.

அவன் போனை எடுத்தான். அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம். எழுப்பாதீங்க."

தண்ணீர் படகின் அடியில் நக்கிக்கொண்டிருந்தது. அத்தை குனிந்து விரல்களை நனைத்துப் பார்த்தாள்.

"இங்க அடி எப்படி?" என்று கேட்டாள். வெகுநாளைக்குப் பிறகு அவனையே பார்த்துக் கேட்டாள்.

"கெட்டி மணல் அத்தை. நங்கூரம் நல்லாப் பிடிக்கும்."

"அப்ப அசையாது."

"கொஞ்சம் திரும்பும். வேற ஒண்ணும் இல்ல."

"தூங்கட்டும்," என்றாள் அத்தை.

யாரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை. படகோட்டிகூட பீடியைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்திருந்தார். கப்பலின் பின்கம்பியில், துவைத்துக் காயப்போட்ட எஞ்சின் அறை உடுப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு தூரத்திலும் அதன் முழங்கையில் போட்டிருந்த ஒட்டு தெரிந்தது. காற்று எங்கிருந்தோ மெல்ல வந்து அதன் ஒரு கைக்குள் நுழைந்து, அதை நிரப்பி, தூக்கி, கொஞ்சநேரம் வைத்திருந்து, இறக்கியது.