கதாநாயகனின் சாக்ஸ்

கால்பந்து அணிக்குத் துணி துவைக்கும் அக்கா, மெஷின் ஓடும்போதெல்லாம் காதல் நாவல் படிப்பாள். நாயகன் விளையாட்டு வீரனாக இருந்தே ஆக வேண்டும். அட்டையில் சட்டையில்லாமல் நின்றவனைப் பார்த்து அணியின் கேப்டன் இளித்தான்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையாக்கா? நிஜத்துல எவனும் இப்படி இருக்க மாட்டான்."

அவள் புத்தகத்தை மறைக்கவில்லை.

"பதினோரு வருஷமா உங்க அழுக்கைத் துவைக்கிறவளுக்கு அது தெரியாதா? இதுல வர்றவன் சாக்ஸை உருட்டி வீசறதில்ல, உதறிப் பிரிச்சுக் கூடையில போடுறான். அந்தப் பக்கத்தை மட்டும் நாலு தடவை படிச்சேன்."

மெஷின் ஓடி நின்றது.

இத்தனை நாளும் கேப்டனின் சாக்ஸைப் பிரித்துத் துவைத்தவள், இன்று உருட்டியதை உருட்டியபடியே மெஷினில் போட்டிருந்தாள். உள்ளே சேறு கரையாத அந்த ஈர உருண்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இந்தாங்க தம்பி, உங்க நிஜம்."