கரையும் அச்சு

1972 செப்டம்பர் 5, செவ்வாய். அச்சை உள்ளே வைத்தே குழாயைச் செய்துவிட்டேன். அதை வெளியே எடுக்கும் வழியை யோசிக்கவில்லை.

டைரியில் எழுதியதை வெள்ளைத்துரை மறுபடி படித்தான். மாலை வகுப்பில் இன்ஜின் படிக்கிறவன் எழுதக்கூடிய வாக்கியமா இது? நடுவில் வளைந்து, இரு முனையிலும் குறுகிய குழாய். மரத்தைச் செதுக்கி, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் துணியைச் சுற்றிப் பிசின் தடவியபோது, வளைவு அழகாக வருகிறதே என்றுதான் பார்த்தான். பிசின் இறுகியதும் மரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

அடையாறு கொட்டகையில் சுப்பராமன் சொந்தமாக ஒரு சின்ன விமானம் கட்டிக்கொண்டிருந்தார். மூக்கு மூடிக்குள் நுழையும் காற்று இன்ஜினின் பின் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் சிலிண்டர் மட்டும் கொதித்தது. காற்றைக் கொண்டுபோகும் குழாயை நானே செய்கிறேன் என்று வாய்விட்டுக் கேட்டவன் வெள்ளைத்துரைதான். அதுவரை ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதுதான் அவன் வேலை.

மறுநாள் சுப்பராமன் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"பேஷ். காத்து போறதுக்குன்னு பண்ணி, உள்ள கட்டையை அடைச்சு வச்சிருக்கே."

"ரெண்டா அறுத்து ஒட்டிரட்டுமா சார்?"

"ஒட்டின எடம் மேல போய் விட்டுப்போச்சுன்னா எவன் பிடிச்சுப்பான்? ஞாயித்துக்கிழமை இன்ஜினை ஓட்டப்போறேன். அதுக்குள்ள வரலேன்னா தகரத்துல அடிச்சுக்கறேன். நீ பழையபடி ஸ்பேனரைப் பிடி."

வீடு திரும்பும் பஸ் மயிலாப்பூர் மாடவீதி முனையில் நின்றது. சதுர்த்திக்காக நடைபாதைக் கடை ரத்னா களிமண் பிள்ளையார்களை அச்சில் அழுத்திக்கொண்டிருந்தாள். போன வருஷம் கிணற்றில் விட்ட பிள்ளையார் வெள்ளைத்துரைக்கு நினைவு வந்தது. மறுநாள் வாளியில் ஏறி வந்தது கலங்கல் தண்ணீர் மட்டும்தான். சட்டென்று இறங்கினான்.

"மண்ணு மட்டும் குடுங்கக்கா."

"இன்னா நைனா, புள்ளையார் வாணாமா?"

"குழாய் செய்யணும்."

"குழாயா! அப்ப தும்பிக்கைய மட்டும் பிச்சுக்கினு போ."

பக்கத்துப் பூக்காரி சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது.

மண்ணை வளைத்து நிழலில் காயவைத்தான். வியாழனன்று வெடித்தது. வெடிப்பில் மண் அப்பி, பிசின் மண்ணில் ஒட்டாதிருக்க மெழுகுவர்த்தியை உருக்கி மேலெல்லாம் பூசினான். வெள்ளி மாலை வகுப்புக்குப் போகாமல் துணியைச் சுற்றினான். பிசின் வாடை கண்ணைக் கரித்தது.

சுப்பராமன் பின்னால் வந்து நின்றார். "இதை மட்டும் எப்படிடா வெளில எடுப்பே?"

"எடுக்க மாட்டேன் சார். கரைச்சிருவேன்."

அவர் மூலைக்கு நடந்தார். அங்கே கிடந்த சிமென்ட் தொட்டியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

வளைவின் உள்மூலையில் மண் ஒட்டிக்கொண்டால்? வெள்ளைத்துரை யோசித்தான். டைரியை எடுத்துப் பேனாவைத் திறந்தான்.

நாளை காலை: குழாயைத் தண்ணீரில் இறக்க வேண்டும்.