ஜெர்மனியில் இறக்கிய முடி

பேரனின் முதல் முடியை இறக்க நாள் குறிக்கத் தேன்கனிக்கோட்டை வீட்டில் கூடியிருந்தவர்கள் கோவிந்தப்பன், மனைவி சரோஜம்மாள், தம்பி முனிராஜ், குலதெய்வக் கோயில் பூசாரி திம்மப்பன். ஓசூர் கம்பெனியில் லீவு இல்லையென்று மகன் மாதேஷ் அதைத் தள்ளிக்கொண்டே வந்தான். பிறகு கம்பெனியே அனுப்புகிறது என்று சொல்லிக் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போய்விட்டான். கோவிந்தப்பன் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

மகனிடம் நாள் கேட்க வீடியோவில் அழைத்தார்கள். எடுத்தவன் அங்கேயே குடியிருக்கும் மருமகளின் அண்ணன் ஜெகதீஷ்.

"கம்பெனி வேலை எப்பப்பா முடியுது?" என்று கேட்டார் கோவிந்தப்பன்.

"கம்பெனி எங்க மாமா அனுப்புச்சு? லேப்டாப் இருந்தா எங்கிருந்தும் வேலை பாக்கலாமே. கோடை முழுக்க எங்கூட்ல இருங்கன்னு நாந்தான் கூப்ட்டேன்."

அவன் மடியில் பேரன் இருந்தான், மொட்டைத் தலையோடு.

"இங்க கோயில்லயே முடிச்சிட்டோம். மாதேஷ் உங்ககிட்ட சொல்லலியா?"

பின்னால் மகனின் முகம் எட்டிப் பார்த்தது. "அப்பா, அது வந்து..."

கோவிந்தப்பன் போனை அணைத்தார்.

"சாமிக்கு அந்த முடிய கூரியர்லயாவது அனுப்பச் சொல்லுண்ணா," என்றார் முனிராஜ். பூசாரி எழுந்து போனார்.

சேதி பரவுமுன் மானத்தைக் காக்க நினைத்த சரோஜம்மாள், குழந்தைக்குக் காய்ச்சல் என்றும் அதனால்தான் அங்கேயே மொட்டையென்றும் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். மறுநாள் பால் சொசைட்டியில் ஒருவர் பரிவோடு விசாரித்தார்.

கோவிந்தப்பன் நிமிர்ந்து நின்றார். "காய்ச்சலெல்லாம் இல்ல. எங்கிட்ட பொய் சொல்லிட்டு, குலதெய்வத்து முடிய எம்மவன் அங்கயே எறக்கிட்டான்."