பலகைக்கு வந்த கிளிகள்

எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் கட்டுமரம் அலையில் புரண்டு தேசப்பனின் இடுப்பில் விழுந்தது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவனுக்கு அப்புறம் கால்கள் எழும்பவில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரக் குப்பத்தில் அவன் குடிசை. பின்பக்கம் பூவரச மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அவனைக் கிடத்திவிட்டு, அவன் மனைவி சம்பூர்ணம் மீன்கூடையோடு திருப்போரூருக்கு பஸ் ஏறிவிடுவாள். பகலெல்லாம் அவனுக்குப் பேச்சுத்துணை கிடையாது. சாயங்காலம் அவள் வந்த பிறகும் அவன் வாய் திறக்காததுதான் அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

கிளிகள் வந்தபின் அது மாறியது. அவள் வைத்துவிட்டுப் போன வேர்க்கடலையை அவன் தொடாமல் கிடக்க, ஒரு கிளி வந்து கட்டில் ஓரமாகக் கொத்தித் தின்றது. மறுநாள் துணையையும் கூட்டிக்கொண்டு வந்தது. தேசப்பன் ஒரு பலகையைப் பக்கத்தில் கல்மேல் வைக்கச் சொன்னான். அதில் கடலையும் நெல்லும் போட்டு, ஒரு சட்டியில் தண்ணீரும் வைத்தார்கள். கொஞ்ச நாளில் பனந்தோப்புக் கிளிக் கூட்டமே அங்கு இறங்கியது.

"கழுத்துல கோடு போட்டவன் கீறானே, பொண்டாட்டிக்கு ஊட்டிவுட்டுத்தான் அவன் துன்றான்" என்று சொல்லி ஒருநாள் சிரித்தான். அடுப்படியில் இருந்த சம்பூர்ணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் சிரித்து அவ்வளவு நாளாகியிருந்தது.

மாசியில் ஒரு கிளி இறகெல்லாம் உப்பிப்போய் வந்தது. ஒரு கண் ஒட்டிக்கொண்டிருந்தது. கடலையை எடுப்பதும் உடைக்க மாட்டாமல் நழுவவிடுவதுமாக இருந்தது. தேசப்பன் அதற்காகக் கடலையை மென்று துப்பி வைத்தான். தண்ணீரில் மஞ்சள் கரைத்து வைத்தான். வாரம் திரும்புவதற்குள் இன்னும் சில கிளிகளுக்குக் கண் வீங்கியது. ஒன்று கட்டிலடியில் செத்துக் கிடந்தது.

"டாக்டராண்ட காட்டிட்டு வா சம்பூர்ணம்" என்றான். செத்த கிளியைக் காகிதத்தில் சுற்றி அவள் எடுத்துப் போனாள்.

திருப்போரூரில் மாட்டு டாக்டராக இருந்தவர் ஞானதாஸ். கிளியை மேசைமேல் வைத்துக் கண்ணையும் மூக்கையும் பார்த்தார்.

"எல்லாக் கிளியும் ஒரே இடத்துலதான் திங்குதாம்மா?"

"ஆமா சார். ஒரே பலகை, ஒரே சட்டித் தண்ணி."

"அதான். ஒண்ணோட எச்சில், எச்சம் எல்லாம் இன்னொண்ணு வாயில போகுது. இரை போடறத நிறுத்துங்க. கூட்டம் கலைஞ்சு தனித்தனியா மேயட்டும், மிச்சமாவது பிழைக்கும். இந்தச் சீக்கு சில நேரம் மனுஷனுக்கும் நெஞ்சுல எறங்கும். படுத்தபடுக்கையா இருக்கறவர் தொடவே கூடாது."

பஸ்ஸில் வரும்போது தேசப்பனிடம் என்ன சொல்வது என்பதே அவளுக்கு யோசனையாக இருந்தது. 'உனக்கு ஆவாது' என்று மட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் சொன்னாள். தேசப்பன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு ஆவாதது கெடக்கட்டும். அதுங்களுக்கு எப்டி வந்துச்சாம்? நான் போடறதாலயா?" என்றான்.

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "ஒண்ணா சேர்ந்து துன்றதால" என்றாள்.

"அதத்தான் நானும் கேட்டேன்" என்றான்.

காலையில் பலகையை எடுத்து எரிக்கச் சொன்னான். ஒரு தட்டும் கரண்டியும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். சம்பூர்ணம் அன்று வியாபாரத்துக்குப் போகவில்லை. வெயில் ஏறும் நேரத்துக்குக் கிளிகள் கத்திக்கொண்டே வந்தன. தேசப்பன் தட்டை ஓங்கி அடித்தான். எழும்பி ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப வந்தன. அவன் விரட்டுவதை அவை நம்பவில்லை. சில கட்டில் சட்டத்திலேயே உட்கார்ந்தன.

"போங்கடா! போய்த் தொலைங்கடா!" தொண்டை கம்மக் கம்மக் கத்தினான்.

கடைசியில் கூட்டம் போய்விட்டது. கண் ஒட்டிய கிளி மட்டும் பறக்க மாட்டாமல் கல்மேல் நின்றது. அவன் கரண்டியைக் கீழே போட்டான். கையை நீட்டினான். அது தத்தித் தத்தி வந்து அவன் உள்ளங்கையில் ஏறிக்கொண்டது.

"தொடக் கூடாதுன்னாருய்யா" என்றாள் சம்பூர்ணம். அவன் அவளைப் பார்த்தான். நடுப்பகலில் அது அவன் கையிலேயே செத்தது. அவள் வெந்நீரில் சோப்புப் போட்டு அவன் கைகளை விரல்விரலாகக் கழுவிவிட்டாள். அவன் கைகளைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் கிளிகள் வரவில்லை. அவனும் பேசவில்லை.

பங்குனியில் ஒருநாள் பஸ் நின்ற இடத்தில், அறுத்த வயலில் ஒரு கிளிக்கூட்டம் மேய்வதைச் சம்பூர்ணம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கூடையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

"நம்ம கிளிங்களப் பாத்தேன்யா."

அவன் தலையைத் திருப்பினான். "கண்ணு எப்டி கீது?"

வயல் ரொம்பத் தூரத்தில் இருந்தது. அவை பச்சைப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன.

"நல்லா கீதுய்யா. எல்லாத்துக்கும் நல்லா கீது."

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "அப்ப சரி" என்றான்.