மேரியின் குளியல்

அந்த மார்கழியில் மைசூரில் பனி பகலிலும் விலகவில்லை. நாடு குடியரசாகி இரண்டாவது ஆண்டு. கன்னியர் மடத்துச் சமையற்கட்டின் சன்னலில், சாமுண்டி மலை இருந்த இடம் வெறும் வெள்ளையாகத் தெரிந்தது.

அங்கே சமைத்துவந்த சகாயமேரிக்குக் கவலையெல்லாம் சிஸ்டர் க்ளேரைப் பற்றித்தான். பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்து, தமிழ் கற்று, பிறகு இங்கே மாற்றலாகி வந்தவர். இப்போது காய்ச்சலில் கிடந்தார். கஞ்சி, ரசம் எதுவும் இறங்கவில்லை. சகாயமேரி முட்டையும் பாலும் கலந்து கஸ்டர்ட் செய்து பார்த்தாள். அடுப்புச் சூட்டில் அது திரிந்து கட்டிகட்டியாகிவிட்டது. அப்படியே கொண்டுபோய்க் காட்டினாள்.

சிஸ்டர் பாதிக் கண் திறந்து முணுமுணுத்தார்.

"பேன்... மரி."

சகாயமேரிக்கு மனசு கலங்கிவிட்டது. இத்தனை நாள் தலையணையில் கிடந்த தலை, பேன் பிடிக்காமல் என்ன செய்யும்? தன் பெயரைச் சொல்லியல்லவா முறையிடுகிறார். ஓடிப்போய்ப் பேன்சீப்பை எடுத்துவந்து முக்காட்டை மெல்ல விலக்கினாள்.

"என்ன செய்றீங்க மேரி?"

"பேன்னு சொன்னீங்களே சிஸ்டர்."

சிஸ்டர் சீப்பையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, இருமல் வரும்வரை சிரித்தார்.

"அது எங்க பாஷை. பேன்னா குளியல். மேரியோட குளியல். கொதிக்கிற தண்ணியில கிண்ணத்தை வெச்சுச் சமைக்கணும். நெருப்பு நேரா தொடக்கூடாது."

"எந்த மேரி? மாதாவா?"

"அப்படிச் சொல்றவங்களும் உண்டு. ஆனா எகிப்துல ஒரு யூதப் பெண் இருந்தாங்களாம், ரொம்பக் காலம் முன்னாடி. உலோகத்தையெல்லாம் காய்ச்சி ஆராய்ஞ்சவங்க. அவங்க பேருதான்னு சொல்வாங்க."

"ஹௌதா, அப்படியா?" என்று ஊர்க் கன்னடம் கலந்து கேட்டாள் சகாயமேரி.

அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. நடுவே கிண்ணம் மெல்ல ஆடியது. ஆவி எழுந்து சமையற்கட்டை நிறைத்தது. அதற்குள் ஒரு பெண் தெரிந்தாள். மணல், ஆறு, மண்பானைகள். முந்தானையால் முகம் துடைக்கும் கை. புருஷன் போனபிறகு சகாயமேரியை யாரும் வேலை சொல்வதற்கன்றிப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கடலுக்கு அப்பால் எத்தனையோ அடுப்பங்கரைகளில், பால் சுடும்போதெல்லாம் யாரோ அந்த மேரி என்ற பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவள் விலகத் தோன்றாமல் அந்த வெப்பத்தில் நின்றாள்.

கஸ்டர்ட் வழவழவென்று உறைந்திருந்தது. சிஸ்டர் கரண்டி கரண்டியாகக் கிண்ணத்தைக் காலிசெய்து, அப்படியே தூங்கிப்போனார்.

மறுநாள் காலை சுவரைப் பிடித்தபடி அவரே சமையற்கட்டுக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ரெண்டு கிண்ணம் வையுங்க. ஒண்ணு உங்களுக்கு."