தர்மம்னு எழுதாதீங்க

வேதநாயகத்தின் வாசலுக்கு நேரே திடீரென்று தப்பு முழங்கியது. சோறு பிசைந்த கையோடு கிழவர் வெளியே வந்தார்.

"எந்தக் கோயிலா இருந்தாலும் கிடையாது. அடுத்த வீட்டுக்குப் போ."

தண்டோராக்காரன் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டான். தான் நன்கொடைக்கு வரவில்லை என்றும், நாளைக் காலை குத்தகைப் பதிவு அதிகாரி பள்ளிக்கூடத்தில் வந்து உட்காரப் போகிறார், அதைச் சொல்லத்தான் வந்ததாகவும் விளக்கினான். கிழவர் முகத்தில் இருந்த கடுப்பு சற்றே தணிந்தது. கேட்க வந்தவன் இல்லையென்றால் அவருக்கு யாரோடும் பகையில்லை.

திருவாரூரிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகும் சாலையோரத்து ஊர் அது. நடந்து போகும் யாத்திரைக்காரர்கள் முதல் ஊர்ச் சங்கங்கள் வரை யாராவது ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தபடியே இருப்பார்கள். வேதநாயகத்தின் வாசலை மட்டும் யாரும் மிதிப்பதில்லை. மாதா கோயில் கூரை ஒழுகுகிறது என்று வந்தவர்களிடம், கர்த்தர் மாட்டுக் கொட்டிலில் பிறந்தவர், ஒழுகுகிற கூரை அவருக்குப் புதிதில்லை என்று சொல்லி அனுப்பினார். அனாதை விடுதிக்குக் கேட்டு வந்தவரிடம், எனக்கும் பெண்டாட்டி பிள்ளை இல்லை, என்னை எந்த விடுதியில் சேர்க்கிறீர்கள் என்றார். ஏழைகளின் சவப்பெட்டி நிதிக்கு வந்த நாகநாதன்தான் பாவம். கிழவர் தரையில் நீட்டிப் படுத்து, "என் அளவுக்குச் செய்யிறதா இருந்தா தரேன். அடுத்தவன் படுக்கிறதுக்கு நான் ஏன்யா தரணும்?" என்று கேட்டார். நாகநாதன் அதற்குப் பிறகு அந்தத் தெருவழியாகவே போவதில்லை.

அறுபத்தெட்டு வயது வரைக்கும் ஒரு பிடி நெல் தர்மமாகக் கொடுத்ததில்லை. மற்றவர்கள் மறைக்கிற இந்த விஷயத்தைக் கிழவர் பட்டம் வாங்கியதுபோல் சொல்லிக்கொள்வார்.

கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்காரர் பெயரைப் பதிந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பக்கத்து ஊர்களில் அறுவடைக் காலம் வந்தால் வரப்பின் ஒரு பக்கம் செங்கொடியும் மறுபக்கம் பண்ணையாட்களின் அரிவாளும் நின்றன. பெயர் பதிவானவரை வயலிலிருந்து இறக்க முடியாது. பதிவாகாதவர் அடுத்த விதைப்புக்கு இருப்பாரா என்பதே சந்தேகம்.

எல்லையம்மாளின் பெயர் பதிவாகவில்லை. வேதநாயகத்தின் நிலத்தில் வாய்க்கால் தலைப்பில் இருக்கும் மூன்று மாவை, அதாவது ஒரு ஏக்கரை, அவள் புருஷன் சிங்காரவேலு இருபத்திரண்டு வருஷம் உழுதான். போன வருஷம் தையில் அவன் செத்துப்போனான். சம்பாவை அவளே நட்டாள், அவளே அறுத்தாள். ஆனால் குத்தகை அளந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. காகிதம் காசு கொடுத்து வாங்குவது என்பதால் கிழவர் யாருக்கும் ரசீது கொடுத்ததில்லை. அந்த மூன்று மா போனால் அவளும் இரண்டு பெண்களும் அடுத்த நாளே கூலி வேலை தேடி நிற்க வேண்டும்.

நிலத்தைக் காப்பாற்ற ஓடியாடியவன் கிழவரின் அக்காள் மகன் சகாயநாதன். மாமாவுக்குப் பிறகு எல்லாம் தனக்குத்தான் என்ற கணக்கு. அவன் திருவாரூருக்குப் போய் ஒரு மனு எழுதி வந்தான். கிழவரிடம் நிலத்தைக் காக்கிற மனு என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கினான். அன்று சாயங்காலமே எல்லையம்மாளிடமும் போனான். குத்தகை இல்லை, இரக்கப்பட்டு விட்ட நிலம் என்று அவள் ஒப்புக்கொண்டால் உயிரோடு இருக்கும் வரை உழுதுகொள்ளலாம் என்றான். தன் புருஷன் பிச்சைக்காரனாக அந்த வயலில் இறங்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டு, களத்தைக் கூட்டப் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மனுவை உரக்கப் படித்தார்.

"மேற்படி மூன்று மா நஞ்சை நிலமானது, வேதநாயகம் அவர்களின் தர்ம சிந்தையின் பேரில், குத்தகை ஏதும் பெறாமல் மேற்படி சிங்காரவேலு அனுபவித்துக்கொள்ள விடப்பட்டதாகும்."

முதலில் நாகநாதன்தான் சிரித்தான். பிறகு சன்னலுக்கு வெளியே நின்றவர்களும் சிரித்தார்கள். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கிழவரின் காது மடல்கள் சிவந்தன. எழுந்து, அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதிகாரி படித்தார். சகாயநாதன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான். கிழவர் கையைத் தட்டிவிட்டார்.

"யாரு எழுதினது இதை? தர்மம்னு எழுதாதீங்க சார். என் பேருக்கு மானம் இருக்கு."

"அப்ப இது குத்தகையா பெரியவரே? அத்தாட்சி இருக்கா?"

"நான்தான் அத்தாட்சி. இருபத்திரண்டு வருஷம் இவ புருஷன் என் களத்துல நெல் அளந்தான். புயலடிச்ச வருஷம் பாதிக் கதிர் தண்ணியில கிடந்துச்சு. குத்தகையில கொஞ்சம் தள்ளிக் கொடுங்கன்னு கேட்டான். மாட்டேன்னுட்டேன். அந்தத் தையில அவன் வீட்டுல பொங்கப்பானை ஏறல. அது தர்மம்னா, குத்தகைங்கிறது என்னாங்க சார்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி எல்லையம்மாளைப் பார்த்தார். அவள் சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

"ஆமாங்க. பானை ஏறல. ஆனா அளந்ததுல ஒரு மரக்கா குறைஞ்சதில்ல."

"கேட்டீங்களா" என்றார் கிழவர், யாரோ தனக்கு மாலை போட்டதுபோல். தான் ஒரு மணி விட்டுக்கொடுத்ததாகச் சொல்லக்கூடியவன் ஊரில் எவனாவது இருந்தால் எழுந்து நிற்கட்டும் என்று சவால் விட்டார். அதிகாரியும் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் எழவில்லை. பேனாவைத் திறந்து, எல்லையம்மாள், கணவர் பெயர் சிங்காரவேலு, குத்தகை சாகுபடி என்று பதிந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் சகாயநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தைக்காக ஒரு ஏக்கரைத் தூக்கிக் கொடுத்த மனிதரை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்று புலம்பினான். கொடுக்கவில்லை, இருந்ததைச் சொன்னேன் என்று கிழவர் திருத்தினார். வருகிற அறுவடையிலும் களத்தில் தானே நின்று அளந்து வாங்கப் போவதாகவும், அதிலும் ஒரு மணி குறையக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

பதிவுச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு எல்லையம்மாள் வந்தாள். அவள் குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். கிழவர் நெருப்பை மிதித்தவர்போல் பின்னால் நகர்ந்தார். தடியை ஊன்றிக்கொண்டு, மருமகனுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்:

"நிமிர்ந்து நில்லு புள்ள. எட்டு வயசுல, கஞ்சித்தொட்டி வாசல்ல ஒரு குவளைக்கு மூணு கும்பிடு போட்டவன் நான். அதுக்கப்புறம் என்னை ஒருத்தர் கும்பிடுற மாதிரி நான் வச்சுக்கிட்டதே இல்ல."