ஐந்து கூண்டுகளையும் சேர்த்து எழுதிய கடிதம்

செப்டம்பர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை, கனடா மீன்வளத்துறை அதிகாரிகள் வந்து அம்புரோஸ் டோனியின் சிங்கி இறால் கூண்டுகள் எழுபதையும் விரிகுடாவிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். சீசன் இன்னும் திறக்கவில்லையாம். 1760-இல் எங்கள் மிக்மாக் பழங்குடித் தலைவர்கள் இங்கிலாந்து ராஜாவோடு போட்ட ஒப்பந்தத்தில் சீசன் என்ற பேச்சே கிடையாது. பிடிக்கும் அளவை நாங்களே வகுத்திருக்கிறோம்: படகுக்கு எழுபது கூண்டு, ஒவ்வொன்றிலும் எங்கள் மீன்பிடிக் குழுவின் எண் பொறித்த டேக்.

குழுவுக்காக அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதுவது நான். கூண்டுகளைத் திருப்பிக் கேட்டு அன்றே எழுதி, அம்புரோஸுக்கு வாசித்துக் காட்டினேன். என் எல்லாக் கடிதங்களிலும் வரும் வரி அதிலும் இருந்தது: ‘எங்கள் சட்டப்படியே மீன்பிடித்தோம்.’

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “அந்த வரி மட்டும் வேணாங்க்கா.”

பாறைக்கு அந்தப்பக்கம் இன்னும் ஐந்து கூண்டு கிடக்கிறதாம், டேக் இல்லாமல். அதிகாரிகள் கண்ணில் படவில்லை. போன வாரம் அவன் மாமாவை அடக்கம் செய்தபின் நடந்த சலிடேக்காகப் போட்டவை. சலிடே என்றால் ஊரே கூடிச் சாப்பிட்டு, ஆளுக்கொரு பொருளைக் கொடுத்து ஏலம்விட்டு, சாவுச் செலவை அடைக்கும் விருந்து. அதற்குப் பிடிப்பதை எழுபதில் சேர்ப்பதில்லை. ஆனால் குழுவிடம் முன்னமே சொல்ல வேண்டும். அழுதுகொண்டிருந்த வீட்டிலிருந்து எழுந்து போய் யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டான். விருந்து முடிந்தும் கூண்டுகளை எடுக்கவில்லை.

“அந்த வரி இல்லாட்டி இது கடுதாசி இல்லடா, பிச்சை” என்றேன்.

மறுநாள் குழுவின் நடுவே நின்று அவனே எல்லாவற்றையும் சொன்னான். தலைவி ரோசன்னா நாக்வுட் கடைசிவரை கேட்டாள்.

“எங்க சட்டம், எங்க சட்டம்னு நடுக்கடல்ல அந்த அதிகாரிங்ககிட்ட அவ்வளவு கத்துனியே. உன் படகு அதுல சேத்தி இல்லையா?”

இரண்டு வாரம் கடலுக்குப் போகக்கூடாது. ஐந்து கூண்டில் இருக்கும் இறால் நடமாட முடியாதவர்கள் வீடுகளுக்குப் போக வேண்டும் என்று முடிவானது. அவன் தலையாட்டினான். இதையெல்லாம் கடிதத்தில் எழுதாதே, அதிகாரிகள் சிரிப்பார்கள் என்றார்கள் குழுவில் இரண்டு பேர். சிரிக்கட்டும் என்றேன்.

புதிதாக எழுதினேன்: ‘ஐந்து கூண்டுகளில் எங்கள் சட்டம் மீறப்பட்டது. அதை நாங்களே விசாரித்துச் சரிசெய்தோம். நீங்கள் எடுத்துப்போன எழுபதில் மீறல் எதுவும் இல்லை. அவற்றைத் திருப்பித் தாருங்கள்.’ பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. அவனுடைய இரண்டு வாரம் முடிந்த மறுநாள் காலை, ஏழு படகுக்காரர்கள் தங்களிடம் உபரியாகக் கிடந்த கூண்டுகளைப் பத்துப் பத்தாகத் துறையில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் புது டேக்குகளை மாட்டி எண்களைக் குறித்துக்கொண்டேன். எழுபது.

அம்புரோஸ் படகைக் கிளப்பவில்லை. முதலிலிருந்து தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தான். பிறகுதான் கயிற்றை அவிழ்த்தான்.